வண்ணக்கர் சொன்ன சொல்

ஒரு காசு அசலா போலியா என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் நிறுவனங்களில் முன்னோடி, அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் தொடங்கிய ஏஎன்ஏசிஎஸ். 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி இரண்டும் வந்தபின் இது பெருந்தொழிலாயிற்று. காசு யாருடையது என்று தெரியாமலேயே நிபுணர்கள் இருவராவது அதைத் தனித்தனியே பார்க்கிறார்கள்; 70 புள்ளி அளவில் தரம் குறிக்கிறார்கள்; பிறகு தெளிவான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிவிடுகிறார்கள். சேகரிப்பாளர்கள் அந்த உறையை ஸ்லாப் என்பார்கள். அதன்பின் விலை பேசுவது பெரும்பாலும் உறைக்குள் இருக்கும் சீட்டைப் பார்த்துத்தான்.

அந்தச் சீட்டு தருவது எவ்வகை அறிவு? சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கிறது. சீட்டை நம்பி வாங்குபவருக்கு முதல் இரண்டும் வாய்ப்பதில்லை. கையில் இருப்பது உரை மட்டுமே. எல்லார் உரையும் அளவையாகிவிடாது. சொல்பவர் பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பமும் வேண்டும்; அவரே ஆப்தர் என்பது நியாய பாஷ்யத்தில் வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம். ஆப்தர் முனிவராக இருக்க வேண்டியதில்லை, மிலேச்சராகவும் இருக்கலாம் என்கிறார் அவர். காசு சோதிப்பவருக்கும் அதில் இடமுண்டு.

நேரே அறிவது என்றால் என்ன என்பதற்குக் காசையே உவமையாக்கிய நூல் ஒன்று உண்டு: 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் பாலியில் எழுதிய விசுத்திமக்கம். பலகைமேல் காசுகள் குவிந்து கிடக்கின்றன. குழந்தைக்கு அவை வட்டமும் சதுரமுமாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். கிராமத்து மனிதருக்கு அவை பொருள் வாங்க உதவுபவை என்பதும் தெரியும். நல்லது எது, கள்ளக்காசு எது என்று தெரியாது. காசுக்கடைக்காரரோ பார்த்து, தட்டி ஓசை கேட்டு, மோந்து, சுவைத்து, கையில் எடை பார்த்து அறிகிறார். எந்த ஊரில் எந்த ஆசான் செய்தது என்பதுவரை சொல்லிவிடுகிறார். சஞ்ஞை, விஞ்ஞானம், பஞ்ஞை என்ற அறிவின் மூன்று நிலைகளையும் விளக்க வந்த உவமை இது. அத்தகையவரைப் பழந்தமிழ் வண்ணக்கர் என்றது. வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்ற சங்கப் புலவர்களின் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்லாப் இங்கே ஒரு விசித்திரம் செய்கிறது. வண்ணக்கரின் ஐந்து வழிகளில் நான்கை அடைத்துவிடுகிறது. உறைக்குள் இருக்கும் காசைத் தட்டிக் கேட்க முடியாது, மோந்தோ சுவைத்தோ பார்க்க முடியாது, எடை போட்டால் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே நிற்கும். காசைப் பாதுகாக்கும் அதே உறை வாங்குபவரை என்றென்றைக்கும் கிராமத்து மனிதராகவே வைத்திருக்கிறது.

அப்படியானால் உரையை எது உறுதிப்படுத்தும்? குற்றம் தெரியவரும்வரை அறிவு தன்னளவிலேயே செல்லும் என்பது மீமாம்சகர் கட்சி. காசுச் சந்தை நடப்பது இந்தக் கொள்கைப்படிதான். நையாயிகர் ஒப்பமாட்டார்கள்: அறிவின் மெய்ம்மை வேறொன்றால் தெரியவேண்டும், செயலில் பயன் தருவது அதற்கு அடையாளம். கானலா தண்ணீரா என்ற ஐயம் குடித்துத் தாகம் தீர்ந்தால் தீரும். சேகரிப்புக் காசில் இந்தச் சோதனை தோற்கிறது. அதன் பயன் மறுவிற்பனை. மறுவிற்பனை இன்னொருவரின் நம்பிக்கையைக் காட்டுமே ஒழியக் காசின் மெய்ம்மையைக் காட்டாது.

இந்த இடைவெளியில் புகுந்தவர் மார்க் ஹாஃப்மன். மார்மன் சபையின் பழைய ஆவணங்கள் என்று போலிகளைச் செய்து விற்று, அகப்படாமலிருக்க 1985இல் சால்ட் லேக் சிட்டியில் குண்டு வைத்து இருவரைக் கொன்றவர். பதின்ம வயதில் பத்து சென்ட் காசு ஒன்றில் அரிய அக்கசாலைக் குறியைப் பதித்ததாகவும், அது அசல் என்றே சான்று வந்ததாகவும் பின்னாளில் அவரே சொன்னார். நிபுணர் அசல் என்றால் அசல்தான் என்பது அவர் வாதம். வாதம் பிழை. சான்று காசைப் பற்றிய கூற்று. அது காசை ஆக்குவதில்லை.

எதிர்த்திசைப் பிழையும் நேரலாம். 1713இல் டிரான்சில்வேனியாவில் கிடைத்ததாகப் பதிவான, ஸ்பான்சியன் என்ற பெயர் பொறித்த தங்கக் காசுகளை 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் போலி என்று தள்ளினார்கள். கிளாஸ்கோ ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் காசின் தேய்மானத்தையும் மண்படிவையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அசல் என்றது 2022இல் வெளியான ஓர் ஆய்வு. நாணயவியலாளர் பலர் இன்னும் ஒப்பவில்லை. இத்தனைக்கும் நடுவே காசு மாறவில்லை.

யார் உரையை நம்புவது என்ற சிக்கலை ஏதென்ஸ் நகரம் சட்டத்தால் சமாளித்தது. கி.மு. 375/4இல் வந்த நிக்கோஃபோன் சட்டப்படி, சந்தையில் அமர்ந்த ஓர் அரசு அடிமை வெள்ளிக் காசுகளைச் சோதித்தான். போலியை வெட்டித் தேவர்களின் தாய்க்கு அர்ப்பணித்தான். அவன் நல்லதென்ற காசை மறுத்த வணிகர் அன்றைய சரக்கை இழந்தார். கடமைக்கு அமராவிட்டால் அவனுக்கு 50 கசையடி. இன்றைய நிறுவனங்கள் பிழைக்கு ஈடாகப் பணம் தருவதாக உத்தரவாதம் எழுதுகின்றன, நிபந்தனைகளோடு. அந்த உத்தரவாதம் நட்டத்தை ஈடுசெய்யும், உரையை மெய்யாக்காது.

இப்போது ஸ்லாப்புகளே போலியாக வருகின்றன. 2020இல் பிசிஜிஎஸ் உறைக்குள் மின்னணுச் சில்லு வைக்கத் தொடங்கியது. சீட்டின் எண்ணை நிறுவனப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், உறையில் அடைபடாத காசுகளைக் கையில் எடுத்துப் பழகுவதும் வாங்குபவர் வேலையாகவே இருக்கின்றன.