பார்த்தவன் பங்கு

பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம் 1857இல் திறக்கப்பட்டது, ஒரு வேட்டைக்காரரின் நினைவாக. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஊவாவில் பாதைகளைத் திறந்த அவர் 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று பேசப்பட்டது. 1845 ஜூன் 7ஆம் தேதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. நுவரெலியாவில் அவரைப் புதைத்த இடத்திலும் பிறகு இடி விழுந்து கல்லறை பிளந்தது என்று சொல்வார்கள்.

யானைகளின் சாபம் என்று ஊர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்கு அவ்வளவு சுலபமாக முடியக்கூடியதல்ல. அப்போது இலங்கையில் ஆங்கிலேய அரசின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்த கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்கு அரசாங்கம் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று சன்மானம் கொடுத்தது. கருவூலத்தின் மேல் எந்த இடியும் விழவில்லை. நுவரெலியாவில் குடியிருந்து அதே தீவில் யானைகளைச் சுட்டு, அதைப் புத்தகமாகவும் எழுதிய சாமுவேல் பேக்கர் 72 வயதுவரை வாழ்ந்து இங்கிலாந்தில் கண்மூடினார். வினைப்பயனை வானிலை அறிக்கையில் தேடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

இதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று இருக்கிறது. ரொஜர்ஸ் காலத்துத் துப்பாக்கி, குண்டைக் குழல்வாயில் போட்டு இடித்துச் சுடுவது. யானையைக் கொல்ல மிக அருகில் போயாக வேண்டும். யானை எங்கே நிற்கிறது என்று தடம் பார்த்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். சுட்டவருக்குத் தேவாலயத்தில் நினைவுக்கல் இருக்கிறது. கை நீட்டிக் காட்டியவனுக்கு ஒன்றுமில்லை. பாவக் கணக்கிலும் அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியுமா?

இன்று அந்த நீட்டிய கையின் வேலையைப் பைனாகுலர் செய்கிறது. கார்ல் சைஸ் நிறுவனம் பட்டகம் வைத்த பைனாகுலரை 1894இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இலங்கையில் வேட்டைக்காரர்களே கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்ததும் அதே ஆண்டில். விலங்கைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதியும், சுட்டது போதும் என்ற யோசனையும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான். என்றாலும் அந்தத் தற்செயலில் ஒரு பொருத்தம் உண்டு.

வேட்டைக்கென்று பைனாகுலர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது சட்டைப் பைக்குள் அடங்குமா என்பதை. சிறிய ரகத்தில் 8×25, 10×25 என்று எழுதியிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 8×25இல் சுமார் 3.1 மில்லிமீட்டர், 10×25இல் 2.5. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி சுருங்கியிருப்பதால் இது தாராளம். அந்தி மங்கலில் கண்மணி ஐந்து மில்லிமீட்டருக்கு மேலும் விரியும். அப்போது சிறிய கருவி மங்கிப்போகும். 8×42 என்றால் 5.25 வரும், அந்திக்கும் போதும். ஆனால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேயிலை மலை ஏறி இறங்குகிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்குவது கையின் நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து மூடுபனிக்கு எந்த உருப்பெருக்கமும் மருந்தல்ல. உள்ளே நைட்ரஜன் நிரப்பி நீர் புகாமல் அடைத்த கருவியாக இருந்தால் கண்ணாடியின் உட்பக்கம் ஈர ஆவி படியாது, பூஞ்சணம் பிடிக்கும் பயமும் குறையும். நடுவழி தேடுகிறவர் 8×32 வாங்குவார்.

இந்தக் கணக்கில் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. காட்டுப்பன்றியும் மரையும் தேயிலை ஓரத்துக்கு வருவது அந்தியிலும் விடியலிலும். அந்தி வெளிச்சம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர், கடை மேசையருகிலேயே எதையோ தீர்மானித்துவிட்டார். பறவை பார்ப்பவரும் அதே அந்தி வெளிச்சத்தைத்தான் கேட்பார் என்பது உண்மை. கருவி இருவரையும் பிரித்துச் சொல்லாது. அப்படியானால் பிரித்துச் சொல்வது எது?

எண்ணம் என்கிறது பௌத்தம். தம்மபத உரையில் ஒரு வேடனின் மனைவி வருகிறாள். அவள் புத்தரின் வழியில் முதற்படியைக் கடந்தவள். ஆனாலும் கணவன் கேட்கும்போதெல்லாம் வில்லையும் அம்பையும் வலையையும் எடுத்துக் கொடுக்கிறாள். இவள் கொலையில் பங்காளியா என்று பிக்குகள் கேட்கிறார்கள். கொல்லும் எண்ணம் அவளிடம் இல்லை, புண்ணில்லாத கையில் நஞ்சு ஏறாது என்பது புத்தரின் பதில். பைனாகுலரை எடுத்துக் கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைக்கமாட்டார். ஆனால் அதே மரபு பிக்குவுக்கு இன்னொரு விதியும் வைத்திருக்கிறது: தனக்காகக் கொன்றதைக் கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகித்தாலோ அந்த இறைச்சியைத் தொடக்கூடாது. கண்டுவிட்டவனுக்கு விலக்கு இல்லை.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பட்டியலே போடுகிறது. சம்மதிப்பவன், வெட்டித் துண்டாக்குபவன், கொல்பவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் என எட்டுப் பேரும் கொலையாளிகள். இடம் காட்டியவன் மட்டும் பட்டியலில் இல்லை! சமணம் அந்த ஓட்டையையும் அடைத்துவிடுகிறது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் மூன்றும் அங்கே வினைதான். அதோ அந்தப் புதரின் வலப்பக்கம் என்று மெதுவாகச் சொன்ன குரலுக்கு அங்கே தப்பிக்க வழியில்லை.

வேட்டைக்காரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. நன்றாகப் பார்த்தால்தானே தவறு நேராது என்பார் அவர். குட்டியோடு நிற்பது எது, சட்டம் காக்கும் மரை எது, புதருக்குப் பின்னால் விறகு பொறுக்குகிற ஆள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கண்ணாடி. இதிகாசம் அவருக்குச் சாட்சி சொல்கிறது. இளவரசன் தசரதன் இருளில் சரயு நதிக்கரையில் ஒலியை மட்டும் கேட்டு அம்பெய்தான்; யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தான். விழுந்தவன் கண்ணிழந்த பெற்றோருக்குக் குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்த பிள்ளை. கொல்லும் எண்ணம் அந்தப் பிள்ளையின் மேல் இருந்ததில்லை. இருந்தும் சாபம் வந்தது, பலித்தது. புண்ணில்லாத கையிலும் நஞ்சு ஏறும் என்கிறது இந்தக் கதை.

மலையகத்தில் இன்று தசரதனின் அம்பு கம்பிச் சுருக்காக வந்திருக்கிறது. பன்றிக்கென்று கட்டிய சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி தோட்டப் பகுதியில் சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தையை மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துபோனது. பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி யானைக் குட்டியின் வாயைப் பிளக்கிறது. சுருக்குக்குக் கண் இல்லை. கட்டியவர் அந்த நேரத்தில் லயத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து பார்த்துச் சுடுகிறவரைவிட அவர் பாவம் குறைந்தவர் என்று எந்தக் கணக்கில் சொல்வது? வீட்டுத்தோட்டத்து மரவள்ளியைப் பன்றி கிண்டிவிட்டுப் போகும்போது நட்டம் அந்த லயத்துக் குடும்பத்துக்குத்தான் என்பதையும் இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். கொல்லாமையைப் போதிப்பவர்களில் பலருக்கு மரவள்ளி சந்தையிலிருந்து வருகிறது.

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணச் சொன்னது அரசாங்கம், பயிர்ச்சேதத்துக்கு வழி காண்பதற்காக. சுட்டவர் இல்லை, காட்டியவரும் இல்லை, எண்ணியவர்கள் மட்டும். நாளை அந்தக் கணக்கை வைத்து ஒரு கொலைத் திட்டம் வந்தால், வாசலில் நின்று விரல்விட்டு எண்ணியவருக்கு அதில் என்ன பங்கு என்பதைச் சமணமும் பௌத்தமும் உட்கார்ந்து வாதாடலாம். இந்தப் பக்கத்தின் சாய்வு சமணத்தை நோக்கியே. வேட்டைக்கென்று தெரிந்தே கண்ணாடியைக் கொடுத்தவர், கறி பங்கு பிரிக்கையில் கை நீட்டினாலும் நீட்டாவிட்டாலும், உடன்பட்டவர்தான்.

ஊவாவுக்குள்ளேயே இருக்கிறது கதிர்காமம். வேடர் மகள் வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் காவல் இருந்தவள். கவண்கல் வீசிக் கிளிகளை விரட்டுவது அவள் வேலை, கொல்வது அல்ல. முருகன் வேடனாக வந்து அவளிடம் பேச்சுக் கொடுத்ததே, இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததா என்று கேட்டுத்தான் என்பார்கள். அவள் எந்தத் திசையையும் காட்டிக் கொடுக்கவில்லை. தோட்டங்களிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் விரத நாட்களில் மச்சம் தொடமாட்டார்கள். திரும்பி வந்த பிறகு லயத்தில் கொதிக்கும் பன்றிக்கறிக் குழம்பைப் பற்றி முருகன் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.