ஜமுனாமரத்தூரும் திருவெஃகாவும்



திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் உள்ள சிற்றூர் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் பாதைகள் ஏறி வருகின்றன. சாமை விளையும் நிலம். சந்தனத்துக்குப் பேர்போன காடு. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் சேராத இவ்வூருக்கு இங்கு என்ன ப்ரஸக்தி என்று பாகவதர்கள் கேட்கக்கூடும். திருவெஃகா சரித்திரத்தை அடியோம் அநுஸந்திக்கையில் இம்மலை நினைவில் வந்து நின்றது.

கணிகண்ணனைப் பல்லவன் கச்சியைவிட்டு வெளியேற்றினான். திருமழிசைப்பிரான் உடன் புறப்பட்டார். அவர் சொன்னபடியே யதோக்தகாரியும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றான். ஆச்ரித பாரதந்த்ர்யத்துக்கு இதற்குமேல் சான்று வேண்டா. பின்பு அரசன் வேண்ட, மூவரும் மீண்டனர்.

ஜவ்வாது மலையாளிகளின் முன்னோரும் கச்சியினரே என்பது அவர்கள் மரபு. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் அதைக் காணலாம். வேடர் கவர்ந்து சென்ற பெண்களை மீட்க எழுவர், ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் மாண்டதாகக் கொள்ளுங்கள் என்று சொல்லிச் சென்றனர். பாலாறு பெருகி ஓடிற்று. அவர்கள் கடந்தனர், நாய்கள் திரும்பிவிட்டன. காரியம் முடித்து ஊர் வந்தவர்களுக்கு ஈமக்கடனே முடிந்திருந்தது. உயிரோடிருந்தும் ஊரில் இடமில்லை, மலையேறி உழவராயினர். இது நடந்ததாக அம்மரபு சொல்லும் சக ஆண்டு 1055, உடையவர் இவ்வுலகில் எழுந்தருளியிருந்த காலம்.

கணிகண்ணனை மீட்க அரசன் வந்தான். இவ்வெழுவரை அழைப்பார் இல்லை. அப்படியானால் பெருமாள்?

சேர்வராயன், பச்சைமலைப் பகுதி மலையாளிகளின் கதை வேறு. கரிராமன் என்னும் அவர்கள் தெய்வம் கச்சியில் இருக்க மனம் கொள்ளாமல் தானே வெளியேறிற்றாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூவர் குடும்பத்தோடு பின்தொடர்ந்தனராம். திருவெஃகாவில் அடியார் முன்னே, அவன் பின்னே. இங்கே அவன் முன்னே, அடியார் பின்னே. சக்ரவர்த்தித் திருமகன் வனம் புகுந்தபோது அயோத்தியாரும் பின்சென்றவர்களே. தமஸைக் கரையில் உறங்கி, விடிந்ததும் அவனைக் காணாமல் அழுது திரும்பினார்கள். இம்மூவர் திரும்பவில்லை. அயோத்தியாருக்கு வாய்க்காதது இவர்களுக்கு வாய்த்தது என்றே அடியோங்களுக்குத் தோன்றுகிறது.

மலைபடுகடாம் குறிக்கும் சேயாறு பிறப்பது இந்த ஜவ்வாது மலையில்தான். யதோக்தகாரி அணையாய்க் கிடந்து தடுத்த வேகவதியோடு அது திருமுக்கூடலில் சேர்கிறது. எழுவர் கடந்த பாலாறும் அங்கேதான் கூடுகிறது. கரையில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் நிற்கிறான்.