நாயின் காலும் அத்தையின் கையும்

அனந்தபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டு வாத்தியார் ஒரு நாய் வளர்க்கிறார். பெயர் மணி. சென்ற ஐப்பசியில் அது தன் முன்னங்காலை நக்கத் தொடங்கியது. மயிர் உதிர்ந்து, தோல் கன்றி, புண்ணான பிறகும் நக்கிற்று. களிம்பு தடவினார், துணி சுற்றினார், தலையில் குட்டியும் பார்த்தார். கடைசியில் சென்னைக்குக் கொண்டுபோனார். மனச்சோர்வுக்கு மனிதர் சாப்பிடும் ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள்.

"நாய்க்குக்கூட மனக்கவலையா, சார்?" என்று தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையின் நினைவு வந்தது.

அத்தை கிணற்றடியில் உட்கார்ந்து கை கழுவுவாள். விரலிடுக்கு வெடித்து ரத்தம் கசியும். "இன்னும் சுத்தமாகலைடா" என்பாள். சிலர் அதை மடி என்றார்கள். பலர் பைத்தியம் என்றார்கள். பெரியப்பா, "மனசை அடக்கத் தெரியாதவள்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அவளும் அதை நம்பியபடியே செத்தாள்.

மனசை அடக்கு என்று நாயிடம் சொல்ல முடியுமா? அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராப்போர்ட்டும் அவரைச் சேர்ந்தவர்களும் 1992-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலை நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும் நாய்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. மனிதரின் ஓயாத கை கழுவலைக் குறைக்கும் குளோமிப்ரமினும் ஃப்ளூஆக்ஸெடினும் நாய்க்கும் பலன் தந்தன. டெசிப்ரமினும் மனச்சோர்வு மருந்துதான், அது பலிக்கவில்லை. ஆகவே சோகத்தைப் போக்கியதல்ல விஷயம். மூளையில் செரடோனின் என்ற பொருளின் நடமாட்டத்தைத் தொட்ட மருந்துதான் நாக்கை நிறுத்தியது. நாய்க்கு மடி ஏது, பாவ பயம் ஏது? பெரியப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

ஆனால் மணியைப் பகல் முழுதும் கொல்லைத் தூணில் மூன்று முழச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். 2007-ல் அமெரிக்க அரசு, பிரிவைத் தாங்காத நாய்களுக்கு ஃப்ளூஆக்ஸெடினை அனுமதித்தபோதுகூட, பழக்கத்தைத் திருத்தும் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்கச் சொன்னது. சங்கிலி அப்படியே இருக்க மாத்திரை மட்டும் கொடுத்தால், அது நாய்க்கு வைத்தியமா, நம் மனச்சாட்சிக்கா? வாத்தியாரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"அப்போ நான்தான் நோயைக் கொடுத்தேன்கிறீங்களா?"

அப்படியும் சொல்ல முடியாது. கட்டிக் கிடக்கும் எல்லா நாயும் காலைக் கடித்துக்கொள்வதில்லையே.

இப்போது விடியற்காலையில் இருவரும் ஏரிக்கரைக்குப் போய்வருகிறார்கள். மாத்திரையும் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் புண் வாடி, ரோமம் துளிர்த்திருக்கிறது.

அத்தை பதினெட்டு வயதில் தாலி அறுத்தவள். அந்தக் கிணற்றடியைத் தாண்டி அவள் எங்கும் போய் நான் பார்த்ததில்லை.