குடிபெயர்ந்த ஊரில் நம் கோவில் எது?



புதிய ஊருக்குக் குடிபோகிறவர்கள் முதலில் எதை விசாரிக்கிறார்கள்? வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நல்லதா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா, கடையும் பஸ் நிலையமும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால், "இங்கே நம்முடைய கோவில் எது? பங்குத்தந்தை யார்?" என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியாகவே வருகிறது. சில வீடுகளில் அது வருவதேயில்லை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கடலோரக் கிராமமொன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். ஊரில் இருந்தவரை கோவில் மணிதான் அவர்களுக்கு மணிக்கூடு. உத்தியோக மாற்றம் வந்தது. தூரத்து நகரமொன்றில் வாடகை வீடு எடுத்தார்கள். முதல் ஞாயிறு சாமான்களை அடுக்குவதில் போயிற்று. இரண்டாம் ஞாயிறு மழை. மூன்றாம் ஞாயிறு கோவிலைத் தேடிப் போனார்கள். பூசை சிங்களத்தில் நடந்தது. முடிந்து வெளியே வந்தபோது, "நீங்கள் யார், எந்த ஊர்?" என்று கேட்பார் ஒருவருமில்லை. அடுத்த கிழமை பக்கத்து வீட்டார் அன்போடு வந்து, "எங்கட வீட்டில செபக் கூட்டம். தமிழில்தான். வாருங்கோ" என்று அழைத்தார்கள். போனார்கள். அங்கே பாட்டு இருந்தது, உபசரிப்பு இருந்தது, பெயர் சொல்லிச் செபித்தார்கள். மனம் இளகிவிட்டது.

ஆறு மாதம் கழிந்தபோது, "குழந்தையாயிருக்கையில் நீங்கள் பெற்றது ஞானஸ்நானமே அல்ல, மறுபடியும் பெறவேண்டும்" என்றார்கள். பிள்ளையின் முதல் நன்மை ஆயத்தம் அதோடு நின்றது. பின்னர் ஊரிலிருந்த தாய் கடும் நோயோடு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் இரவு அவள் கேட்டது ஒன்றே: "தம்பி, சுவாமியாரைக் கூப்பிடு. எனக்கு நோயிற்பூசுதல் வேணும்." எந்தச் சுவாமியாரை, எங்கே போய் அழைப்பது? மகனுக்குத் தெரியவில்லை.

அந்த மகனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் இதை எழுதவில்லை. பக்கத்து வீட்டாரை ஏசவும் எழுதவில்லை. அந்நியரை அழைத்து உட்காரவைத்தவர்கள் அவர்கள்; நாம் அதைச் செய்யவில்லை. அதற்காக நாம் வெட்கப்படவேண்டும். ஆனாலும் ஒன்றை மறக்கலாகாது. அன்பான வரவேற்பு நல்லதுதான். அது மட்டுமே சத்தியத்துக்கு அத்தாட்சி ஆகாது. வரவேற்பைக் கண்டு நாம் நன்றி சொல்லலாம். போதனையையோ சோதித்தறிய வேண்டும். ஆவிகளையெல்லாம் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கும்படி புனித அருளப்பர் தம் முதல் திருமுகத்தில் (4:1) எச்சரிப்பது இதற்காகவே.

தேடியவர்கள் காட்டிய வழி

புனித சின்னப்பர் எருசலேம் நோக்கிக் கப்பலில் போகையில் தீர் நகரில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. அந்த இடைவேளையில் அவர் துறைமுகத்தில் சும்மா இருக்கவில்லை. அங்குள்ள சீடரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களோடு ஏழு நாள் தங்கினார் (அப். பணி 21:4). ஏழே நாள் தங்க வந்த வழிப்போக்கர் திருச்சபையைத் தேடினார் என்றால், ஏழு ஆண்டு தங்க வந்த நாம் தேடாமலிருப்பது எப்படி?

சரி, தேடலாம். தேடும்போது எதைக் கேட்பது? ஏறக்குறைய 350ஆம் ஆண்டில், எருசலேமின் ஆயரான புனித சிரில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு இந்தக் காரியத்தையே படிப்பித்தார். வேற்றூர் போனால் ஆண்டவரின் வீடு எங்கே என்று மட்டும் கேளாதீர்கள். பிரிந்துபோனவர்களும் தங்கள் கூடங்களுக்கு அப்பெயரையே இடுகிறார்கள். கத்தோலிக்க திருச்சபை எங்கே என்று கேளுங்கள் என்பது அவருடைய போதனையின் கருத்து. பதினாறு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. எனினும் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ கனடாவுக்கோ குடிபோகும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் புத்திமதி இன்றும் வேண்டியிருக்கிறது.

நான்கு அடையாளங்கள்

முதல் கிறிஸ்தவர்கள் அப்போஸ்தலருடைய போதனையிலும், நட்புறவிலும், அப்பம் பிடுதலிலும், செபத்திலும் நிலைத்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி (2:42) சொல்கிறது. இந்த நான்கையும் அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

முதலாவது, போதனை. நிசேயாவில் 325லும் கொன்ஸ்தாந்திநோப்பிளில் 381லும் கூடிய சங்கங்கள் வகுத்துத் தந்த விசுவாசப் பிரமாணம் அங்கே முழுமையாக ஏற்கப்படுகிறதா? அல்லது வேதாகமத்தின் ஒரு பகுதி மட்டும் உயர்த்தப்பட்டு, மற்றது மறைக்கப்படுகிறதா? நோயெல்லாம் நீங்கும், செல்வம் பெருகும் என்று மட்டும் சொல்லி, சிலுவையைச் சொல்லாத போதனை அப்போஸ்தலரின் போதனை அல்ல.

இரண்டாவது, நட்புறவு. இதை அறிய எளிய வழியொன்று உண்டு. பூசையில் நற்கருணை மன்றாட்டு வரும்போது செவிகொடுத்துக் கேளுங்கள். அங்கே பாப்பரசரின் பெயரும் அந்த இடத்து ஆயரின் பெயரும் சொல்லப்படும். அது வெறும் மரியாதைக்காக அல்ல. இந்தப் பீடம் தனித்து நிற்பதல்ல, அப்போஸ்தலரின் வழிவந்தவர்களோடு ஒன்றித்து நிற்கிறது என்பதற்கு அது சாட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகிறவருக்கு அங்கே வேறோர் ஆயரின் பெயர் கேட்கும்; ஏனெனில் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர். பெயர் மாறுகிறது, விசுவாசம் மாறுவதில்லை. குருவுடை இருந்தும், பீடம் இருந்தும், ஆயரோடு ஒன்றிப்பு இல்லையேல் அங்கே எச்சரிக்கையாயிருங்கள். வீட்டுச் செபக் கூட்டமென்றாலும் இதையே கேளுங்கள்: பங்குத்தந்தைக்கு இது தெரியுமா? தெரிந்து, அவர் ஆதரவோடு நடக்குமானால் தாராளமாகப் போங்கள்.

மூன்றாவது, அப்பம் பிடுதல். தேவ நற்கருணையும் மற்ற அருட்சாதனங்களும் அங்கே உண்டா? பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் இருக்கிறாரா? ஞானஸ்நானம் அழியாத முத்திரை; அது ஒரு முறைதான். தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் முறைப்படி பெற்ற ஞானஸ்நானத்தை மீண்டும் கொடுப்பதற்கு இடமேயில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், பிரிந்த சகோதரர்கள் முறைப்படி பெற்ற ஞானஸ்நானத்தையும் மதிக்கும்படி நமக்குக் கற்பித்தது. அப்படியிருக்க, நம் தாய் தந்தையர் நம்மைச் சுமந்துபோய்ப் பெற்றுத்தந்ததை நாமே ஒன்றுமில்லை என்று சொல்லலாமா?

நான்காவது, செபம். புகழ்ச்சியும் மன்றாட்டும் அங்கே உண்டா? ஏழைகளும் நோயாளரும் இறந்தோரும் அந்தச் செபத்தில் நினைக்கப்படுகிறார்களா?

இந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். பாடற்குழுவின் இனிமை இல்லை. கட்டடத்தின் அழகு இல்லை. சுவாமியாரின் நாவன்மை இல்லை. இவை இருந்தால் மகிழ்ச்சி. இல்லாததால் கோவில் கோவிலாகாமல் போவதில்லை. பிரசங்கம் சுவையற்றிருந்தது என்பதற்காக நற்கருணை நாதரை விட்டுப் போகிறவன், சட்டி அழகில்லை என்று சோற்றை விட்டெழும்பியவனுக்கு ஒப்பாவான்.

சந்தேகமும் தயக்கமும்

"பூசை எனக்கு விளங்காத மொழியில் நடக்கிறதே" என்பீர்கள். கவலை நியாயமானது. இரண்டு வழி சொல்வோம். திருச்சபைச் சட்டப்படி ஞாயிறு கடமையை எந்தக் கத்தோலிக்க கோவிலிலும் நிறைவேற்றலாம். ஆகவே தமிழ்ப் பூசை எங்கே, எத்தனை மணிக்கு என்று விசாரித்து அங்கே போகலாம். அது கூடாவிட்டால், அந்த ஞாயிறுக்குரிய வாசகங்களை முதல் நாள் இரவே வீட்டில் தமிழில் வாசியுங்கள். நம் ஊர்க் கோவிலில் வாசிக்கப்படும் அதே நற்செய்திதான் அங்கேயும் வாசிக்கப்படும். பிள்ளைகளோடு வாசித்துவிட்டுப் போனால், அந்நிய மொழியிலும் ஆண்டவரின் வார்த்தையை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

"அங்குள்ள குருவானவர் பிழையாகப் போதித்தால்?" என்றும் கேட்பீர்கள். பெரேயா ஊரார் சின்னப்பரின் போதனையையே வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காகப் புகழப்பட்டார்கள் (அப். பணி 17:11). ஆகவே கேட்பது பாவமல்ல. ஆனால் சந்தியில் நின்று கேளாமல் அவரிடமே போய் மரியாதையாகக் கேளுங்கள். அக்கில்லாவும் பிரிசில்லாவும் அப்பொல்லோவுக்கு அப்படியே செய்தார்கள், தனியே அழைத்து, இன்னும் திருத்தமாக விளக்கினார்கள் (அப். பணி 18:26). அவர்களும் உரோமையிலிருந்து துரத்தப்பட்டு, கொரிந்துக்குக் குடிவந்த தம்பதிகள்தான் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் ஐயம் தீராவிட்டால் ஆயரிடம் தெரிவிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

மேய்ப்பரும் மந்தையும்

இன்னுமொன்று பலருக்குத் தெரியாது. பங்கு என்பது சந்தையில் பொறுக்கியெடுக்கும் பொருளன்று. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தின்படி, ஓர் ஊரில் நிலையாகக் குடியிருக்கும் எண்ணத்தோடு நீங்கள் குடிபுகுந்த நாளே அவ்வூர்ப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை ஆகிறார். மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கும் அப்படியே. நீங்கள் அவருடைய முகத்தைக் காணுமுன்பே உங்கள் ஆத்துமாவின் பொறுப்பு அவருடையது. ஆனால் நீங்கள் வந்திருப்பது அவருக்குத் தெரியவேண்டாமா?

நம் நாட்டில் ஒருகாலம் இருந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, குருக்களைத் துரத்திவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு நம் முன்னோர் மேய்ப்பரில்லாத மந்தையாய், விசுவாசத்தை இரகசியமாய்க் காத்தார்கள். 1687இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, யோசேவ் வாஸ் அடிகளார் ஏழை வேடத்தில் வந்து சேர்ந்தார். எந்த வீடு கத்தோலிக்க வீடு என்று எப்படி அறிவது? கழுத்தில் செபமாலையை வெளியே தெரிய அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மாறியதோ, அவரைத் தம் மந்தையென அறிந்துகொண்டார். பின்பு சில்லாலை அவருடைய பணிக்கு நிலைக்களமாயிற்று. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக உயர்த்தினார்.

அன்று மேய்ப்பர் பிச்சைக்காரராகி மந்தையைத் தேடினார். இன்று கோவில் திறந்திருக்கிறது, மணி அடிக்கிறது, தேடவேண்டியவர்கள் நாம். அந்த நடையை நம்மால் நடக்க முடியாதா?

ஆகவே, குடிபோகும் வாசகரே, நான்கு காரியம் செய்யுங்கள். புறப்படுமுன் உங்கள் பங்குத்தந்தையைக் கண்டு ஆசி பெறுங்கள். குடும்பத்தாரின் ஞானஸ்நானச் சான்றிதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த முதல் கிழமையிலேயே அவ்வூர் அறைவீட்டுக்குப் போய்ப் பெயர் பதியுங்கள். பிள்ளைகளை மறைக்கல்வியில் சேருங்கள்.

குடிபோகாமல் ஊரிலேயே இருக்கும் வாசகரே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிறு உங்கள் கோவிலில் பின்வரிசையில் புதிய முகமொன்று இருக்கலாம். பூசை முடிந்ததும் அவசரப்பட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அருகே போய், "எந்த ஊர்? எப்ப வந்தனீங்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியால், ஒருநாள் இரவு ஒரு தாய்க்குக் குருவானவர் வந்துசேரக்கூடும்.