சலுகை யாருடைய கடன்?

கார் நிறுவனத்தை வரவழைக்க அரசு நிலமும் வரிச்சலுகையும் தருவது அறமா? இல்லாதவர்க்குத் தருவதே ஈகை, மற்றதெல்லாம் பலனை எதிர்பார்க்கும் கொடுக்கல் வாங்கல் என்பது வள்ளுவர் கருத்து. அப்படிப் பார்த்தால் 1990களில் ஃபோர்டுக்கும் ஹூண்டாய்க்கும் தமிழகம் தந்தவை பொதுப்பணத்தில் கொடுத்த கடன். கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபின், அதன் மறைமலை நகர் ஆலைத் தொழிலாளர்கள் உரிய இழப்பீட்டுக்காகப் போராட வேண்டியிருந்தது.

நிபந்தனை விதித்தால் நிறுவனம் அண்டை மாநிலத்துக்குப் போய்விடும் என்பார்கள். பொய்யில்லை; கியா 2017இல் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் சலுகையை மட்டும் நம்பி எந்த ஆலையும் வருவதில்லை. சென்னைக்குத் துறைமுகம் இருந்தது, வேரூன்றிய உதிரிபாகத் தொழில் இருந்தது, பழகிய கைகள் இருந்தன. தலைமுறைகள் சேர்த்த இந்தச் சொத்தை முன்வைத்துப் பேரம் பேச அரசுகள் ஏன் கூச்சப்படுகின்றன என்பதுதான் விளங்கவில்லை.