யாருக்காக இந்தக் கறுப்பு?

மூன்று வருஷமாக நான் டை அடிப்பதில்லை. ‘உள்ளது உள்ளபடி இருக்கீங்க தோழர்’ என்று பாராட்டுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மணலி புதுநகரில் விடியற்காலை ஒப்பந்த வேலைக்கு நிற்பவர்களைப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் தலையும் கறுப்புதான். ‘இன்னா பெருசு, மூட்டை தூக்குவியா?’ என்று மேஸ்திரி கேட்டுவிட்டால் அன்றைய கூலி போச்சு. நானும் அதற்காகத்தான் அடித்தேன். டையிலுள்ள பாராஃபெனிலின்டயமின் ஒத்துக்கொள்ளாமல் நெற்றி வீங்கியபோதும் அடித்தேன். மகன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகே நிறுத்தினேன். இதுல நேர்மை எங்க இருக்கு? கொஞ்சம் வசதி வந்திருக்கு, அவ்வளவுதான்.

பெரியாரின் வெண்தாடிக்கு மரியாதை கிடைத்தது. கூலிக்காரனின் நரை சோற்றைப் பறிக்கிறது. வயிற்றுக்காக டை அடிப்பவனை எப்படிப் பொய்யன் என்பது? பிறப்பைப் பார்த்து ஆளை எடைபோட்ட சமூகம் இப்போது மயிரையும் பார்க்கிறது. பொய் அங்கேதான் இருக்கிறது.

எங்க ஊர் அய்யா வைகுண்டர் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்டிப் போகிறார்கள். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்ட தலைப்பாகை அது. அய்யாவழியில் சிலை கிடையாது. கும்பிடுகிறவன் எதிரே கண்ணாடி. நரைத்த தலையோ கறுத்த தலையோ, அதில் தெரிவது மனுஷன். ஆலை வாசலிலும் அப்படித் தெரியட்டும். அதுவரை எவன் கையிலிருந்தும் டை டப்பாவை நான் பிடுங்கமாட்டேன்.