பாய் விரித்தால் போதும்

(அல்லைப்பிட்டியில் அன்பியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த முற்றத்தில் இன்றைக்கு முதன்முறையாக வந்து இருப்பவர்களும் சிலர் உண்டு. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறவர்கள்கூட, அயலவர்கள் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் என்றால் படலையடியில் நின்று யோசிப்பார்கள். “என்னைக் கதைக்கச் சொல்லுவினமோ? வாசகத்தில தடுமாறினால் சிரிப்பினமோ? காசு சேர்ப்பினமோ? எனக்குப் பாட்டு ஒண்டும் தெரியாதே?” இவற்றில் ஒன்றும் பிழையான கேள்வியில்லை. ஆகவே பெரிய மறையியல் விளக்கங்களை இன்று விட்டுவிடுவோம். ஒரு வீட்டில் இப்படிக் கூடும்போது என்ன நடக்கும், என்ன நடக்கக் கூடாது என்பதைக் கதைப்போம்.

நம் ஆலயத்தின் பாதுகாவலரிடமிருந்தே தொடங்கலாம். புனித பிலிப்பு நேரியார் 1515இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். 1551இல் உரோமையில் குருவானார். அதன் பிறகு பிற்பகல்களில் தம் அறைக்கு ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினார். ஒரு நூலிலிருந்து கொஞ்சம் வாசிப்பார்கள். கேட்டதைப் பற்றி ஒருவர் பேசுவார். இன்னொருவர் கேள்வி கேட்பார். பாடுவார்கள், செபிப்பார்கள். குருவாக இல்லாத சாதாரண மனிதரும் அங்கே வாய் திறந்து பேசினார்கள். அந்தக் கால உரோமையில் இது சிலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சிறிது காலம் அவருடைய பணிக்குத் தடைகூடப் போட்டார்கள். ஆனாலும் கூட்டம் பெருகியது. அறை போதாமல் ஆலயத்தின் மேற்பகுதியைச் செபக்கூடமாக்க வேண்டி வந்தது. 1575இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி அந்தக் குழுவை ஒரு சபையாக அங்கீகரித்தார்.

அந்தக் கூட்டத்துக்கு வந்த ஓர் இளைஞர் சீசர் பரோனியுஸ். திருச்சபையின் வரலாற்றை எல்லாருக்கும் புரியும்படி சொல்லும் வேலையைப் பிலிப்பு நேரியார் அவரிடம் கொடுத்தார். பிற்காலத்தில் பெரிய வரலாற்றாசிரியராகவும் கர்தினாலாகவும் உயர்ந்த அதே பரோனியுஸ், அந்தச் சமூகத்தின் அடுப்படியிலும் நின்று சமைத்தவர். படித்தவருக்கும் அங்கே கரண்டி காத்திருந்தது.

அப்படிக் கூடிச் செபிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு வந்த வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். ஆலயங்கள் ஒல்லாந்தரின் சபைக்குப் போயின. குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1687இல், கோவாவைச் சேர்ந்த புனித யோசவ்வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வாசல் வாசலாகப் போனார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டு முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படித்தான் அவருக்கு நம் முன்னோர் அகப்பட்டார்கள். சில்லாலை மக்கள் அவரைத் தம் ஊரில் வைத்துக் காத்தார்கள். பூசை இரவில் நடந்தது, வீடுகளுக்குள் நடந்தது.

கோவாவில் 1685இல் அவர் சேர்ந்த குருக்கள் குழு, பிலிப்பு நேரியாரின் முறையைப் பின்பற்றிய குழு. உரோமையில் ஓர் அறையில் தொடங்கியது, கோவா வழியாக யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினாரே, அந்தப் புனிதரை உயிரோடு வைத்திருந்தவை வீடுகள். அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் அதே குழுவினர்தான். தவக்காலத்தில் நாம் கேட்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. 1960கள் வரை பூசை இலத்தீனில் நடந்தது. நம் பாட்டிமார் கடவுளோடு தமிழில் கதைத்ததெல்லாம் வீட்டுச் செபத்திலும், ஆண்டவரின் பாடுகளைப் பாடும் பசாம் பாட்டிலும்தான். எனவே வீட்டில் கூடுவதை ஆலயத்துக்கு அடுத்தபடியான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆலயங்கள் பறிபோன காலத்தில் விசுவாசத்தைக் காத்தது இந்த வழக்கம்.

சரி, கூட்டத்தில் என்ன நடக்கும்? ஒரு பாட்டு. சுருதி சேராது, பரவாயில்லை. பிறகு வேதாகம வாசகம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று எழுத்துக்கூட்டி வாசித்தாலும் இறைவார்த்தைக்குக் குறைவில்லை. வாசகம் முடிந்ததும் கொஞ்ச நேரம் அமைதி. புதிதாக வருகிறவருக்கு அந்த அமைதி சங்கடமாக இருக்கும். யாரோ எதையோ மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். ஒருவரும் மறக்கவில்லை. அந்த நேரத்தைப் பேச்சால் நிரப்பாதீர்கள். பின்பு விரும்பியவர்கள் தம் மனதில் பட்டதைச் சொல்லலாம். விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம். அவரை நோக்கி, “நீங்களும் ஏதாவது சொல்லுங்கோவன்” என்று வற்புறுத்தக் கூடாது. பிறகு மன்றாட்டுகள், கர்த்தர் கற்பித்த செபம், தேத்தண்ணி.

பேசுகிறவர் சுருக்கமாகப் பேச வேண்டும். திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரத்தில் துரோவா நகரத்து மேல்மாடிக் கூட்டம் வருகிறது. பவுலடிகள் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலில் இருந்த யூத்திகு என்ற இளைஞர் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார். பவுல் கீழே ஓடிப்போய் அவரைக் கட்டியணைத்தார், உயிர் இருந்தது. நாள் முழுக்கக் கடலிலும் தோட்டத்திலும் நின்றவர் நம் கூட்டத்தில் கண் அயர்ந்தால் அவரைக் குறை சொல்லாமல், பேசுகிறவர் மணிக்கூட்டைப் பார்க்கட்டும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு காரியம். ஒருவர் தன் துயரத்தைச் சொன்னால் அதற்கு உடனே மருந்து சொல்லப் போகாதீர்கள். கேட்டால் போதும். அடுத்தது, இங்கே சொன்னது படலைக்கு வெளியே போகக் கூடாது. சிறிய ஊர் இது. காலையில் மீன் வாங்கும் இடத்தில் நேற்றைய கண்ணீர் கதையாக ஓடினால், மறுமுறை யாரும் அழமாட்டார்கள், வரவும் மாட்டார்கள்.

மன்றாட்டு நேரத்தில் இந்த ஊருக்கென்று ஒரு பாரம் இருக்கிறது. 2006 மே மாதத்தில் இங்கே ஒரு வீட்டுக்குள்ளேயே பெரியவர்களும் குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது எறிகணைகள் விழுந்தன. தப்பியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாடுபட்ட பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம்பிறவுண் அடிகளார், ஓகஸ்ட் 20ஆம் திகதி, உடன் சென்ற ஒருவரோடு காணாமல் ஆக்கப்பட்டார். பெரிய பூசையில் மன்றாட்டுகளை ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். நாம் பதில் சொல்வோம். காணாமல் ஆக்கப்பட்டவரை உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டில் சேர்ப்பதா, மரித்தோருக்கான மன்றாட்டில் சேர்ப்பதா என்று தெரியாத தாய்க்கு அந்தத் தாளில் இடமில்லை. இங்கே இடமுண்டு. பெயரை மட்டும் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளலாம். மீதியை ஆண்டவர் அறிவார்.

இனி, இன்றைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான காரியம். அன்பியங்கள் பல இடங்களில் எப்படிக் கலைகின்றன தெரியுமா? சண்டையால் அல்ல, பலகாரத்தால். முதல் வீட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். அடுத்த வீட்டில் வடையும் ரோல்ஸும். அதற்கடுத்த வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது. அங்கே கேக், சோடா, வாடகைக் கதிரை, ஒலிபெருக்கி. அப்புறம் கணவரை இழந்து கூலி வேலைக்குப் போகும் அக்காவின் முறை வரும். “இந்த மாதம் வசதியில்லைப் பாதர், பிறகு பாப்பம்” என்பார். அந்தப் பிறகு வரவே வராது. கொஞ்ச நாளில் மற்ற வீட்டுக் கூட்டங்களுக்கும் அவர் வருவதை நிறுத்திவிடுவார். அவரை யாரும் விலக்கவில்லை. நம் தட்டு விலக்கிவிட்டது.

கொரிந்து சபையிலும் இதுதான் நடந்தது. வீட்டில் கூடினார்கள், வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், ஏழைகள் பசியோடு பார்த்திருந்தார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் அதற்குத்தான் அவ்வளவு கோபப்படுகிறார். பொன் மோதிரக்காரருக்கு நல்ல ஆசனத்தைக் காட்டிவிட்டு ஏழையைத் தரையில் இருக்கச் சொல்வதை யாக்கோபுவும் தம் கடிதத்தில் கண்டிக்கிறார். ஊரில் ஆக ஏழை வீட்டால் எதைக் கொடுக்க முடியுமோ, அதுவே எல்லா வீட்டுக்கும் அளவாக இருக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டினால், அது எவ்வளவு பக்தியாக நடந்தாலும், எல்லாருக்கும் உரிய கூட்டம் அல்ல.

பக்கத்து வளவில் இருக்கும் சைவச் சகோதரர் பாட்டுச் சத்தம் கேட்டு வந்து இருந்தால், இருக்கட்டும். அவருக்கும் தேத்தண்ணி கொடுங்கள். அவர் மதம் மாறுவாரா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். இடம்பெயர்ந்த காலத்தில் சைவரும் கத்தோலிக்கரும் ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள்.

கடைசியாக, இந்த அன்பியத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வீடு தெரிவுசெய்யும்போது, இதுவரை முறை வராத வீடு எது என்று பாருங்கள். முதலில் அங்கே போய்க் கேளுங்கள். கதிரை வேண்டாம், பாய் போதும் என்று சொல்லுங்கள். பால் இல்லாவிட்டால் வெறும் தேத்தண்ணி. சீனி இல்லாவிட்டால் பனங்கட்டி. பாய் குறைந்தால் நாம் கொண்டு போவோம். அந்த அக்கா சம்மதித்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். நான் கட்டாயம் வருவேன், சுருக்கமாகவும் பேசுவேன்.

ஆமென்.